ஆறாவது சன்னம்

மாங்குளத்துக்கு மேற்கே
கிரவல் பாதை முடிகிற இடத்தில் எங்கள் சூட்டுத் திடல்.
மண் அணைக்கு முன்னால்
மனிதத் தோள் அளவுக்கு வெட்டிய பத்து மட்டைகள்.
பின்னால் பாலைமரங்கள். அதற்கும் பின்னால்
சிவப்புப் பலகையில் மண்டையோடு:
இன்னும் மிதிவெடி எடுத்து முடியாத காணி.
தவறிப்போன சன்னத்தைத் தேடி யாரும் போவதில்லை.

மார்கழி மழைக்குக் களஞ்சியக் கூரை ஒழுகியது.
ரவைகளைத் தை வெயிலில் பரப்பினோம்,
வடகம் காயப்போடுவது மாதிரி.
"மேலே காய்ந்தால் காணும்" என்றார் களஞ்சியக்காரர்.
மேலே காய்ந்தன.
உள்ளே என்ன என்று பித்தளை சொல்லாது.

நான் ஏழாம் இலக்கம். எட்டில் லலந்த,
பிபிலையிலிருந்து மாற்றலாகி வந்தவன்.
அவனிடம் இருந்த தமிழ்: தேத்தண்ணி, மெதுவா, சரி.
என்னிடம் இருந்த சிங்களம்:
கட்டளைகளும் படிவங்களும்.

ஆறுதலான நாட்களில் சட்டம் இப்படி:
விசை விழுந்தும் வெடிக்காவிட்டால்
வாயை அணைக்கே பிடித்தபடி முப்பது எண்ணு,
பிறகு திற.
அன்றைக்கு வேகப் பயிற்சி.
பத்துச் செக்கன், எட்டு வெடி.
தடங்கினால் யோசிக்காதே,
மகசினைத் தட்டு, மேற்பாகத்தை இழு, சுடு.
தட்டு, இழு, சுடு,
கை நித்திரையிலும் செய்யும்வரை.
முப்பதுக்கு அங்கே இடமில்லை.

லலந்த சுட்டான்.
பக்கத்தில் கேட்பதை எண்ணுவது என் பழக்கம்.
ஒன்று இரண்டு மூன்று
நான்கு
ஐந்து
பிறகு ஒரு துக்.
மூடிய கதவுக்குப் பின்னால்
யாரோ மாம்பழத்தைத் தவறவிட்டது மாதிரி.

காதுமூடியையும் தாண்டி எப்படிக் கேட்டது?
பதினொரு வயதில், பங்கர்ப் படியில் குந்தியிருந்து
குத்துகிற சத்தம், கூவுகிற சத்தம், விழுகிற சத்தம்
என்று பிரித்துப் பிரித்து வைத்திருந்தேன்.
கூவி வந்து வெடிக்காததுதான் பொல்லாதது.
அதற்குப் பக்கத்தில் கிடந்த சட்டியை
எடுக்கப் போனான் மேகவண்ணன்.
அதை இதில் எழுதப்போவதில்லை.

அவன் கை தட்டியது. இழுத்தது.
ஆறாவது சன்னம் குழலின் நடுவழியில் நிற்கிறது.
ஏழாவது அதன் முதுகுக்கு வந்துவிட்டது.
விரல் உள்ளே போகிறது.

"நில்லடா!"

அதற்கென்று கட்டளை மொழியில் ஒழுங்கான சொல் உண்டு.
மாதக்கணக்காய்ப் பாடமாக்கியது.
வாயில் வந்தது இது;
அம்மா மாட்டுக்கும் எங்களுக்கும் சொல்கிற சொல்.

நின்றான்.
என் பக்கம் திரும்பவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.
குழல் மண்ணைப் பார்த்தபடியே
விரல் வெளியே வந்து
சட்டத்தின் மேல் நடுங்கிக்கொண்டு படுத்தது.

மகசின் கழன்றது. ஏழாவது துள்ளிப் புழுதியில் விழுந்தது.
பொறுப்பதிகாரி பித்தளைக் கம்பியை வாயால் செலுத்தி
சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார்.
மேசையில் விழுந்தது சன்னம்,
பிள்ளையின் பால்பல் அளவுதான்.
"யார் கத்தினது?" என்று கேட்டார்.
என்ன மொழியில் என்று கேட்கவில்லை.

காரணம் என்ற கட்டத்தில்
ஈரம் என்று எழுதினேன், சிங்களத்தில்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
பத்தொன்பது பெட்டி திரும்பிப் போயிற்று.
தேத்தண்ணி நேரம் லலந்த
தன் பணிசில் பாதியைப் பிய்த்து என் பக்கம் வைத்தான்.
"நில்லடா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்,
மெதுவாவுக்கும் சரிக்கும் நடுவே
அதற்கு இடம் ஒதுக்குகிறவன் மாதிரி.

இரவு, முற்றத்தில்
சுதேந்திரன் மோட்டார்சைக்கிளை உதைக்கிறான்.
பிடிக்கவில்லை.
மறுபடி காலைத் தூக்குகிறான்.
"பொறு" என்கிறேன் யன்னலால்.
"ஏன்?"
"முப்பது எண்ணு."
சிரிக்கிறான்.
நான்தான் எண்ணுகிறேன், உரக்க.
பதினேழில்
அவன் சிரிப்பு நிற்கிறது.